பழைய ஊர் மண்டபத்தை ஓவியக் கூடமாக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் உங்கள் ஊருக்குப் பொதுவான மண்டபம், ஓடு போட்ட பழைய கட்டிடம், பல வருஷம் பூட்டிக் கிடந்ததை ஊர்வரி பிரித்துச் சீராக்கிவிட்டீர்கள். இனி அதில் உள்ளூர் ஓவியர்களின் கண்காட்சி நடத்த ஆசை. ஃபால்ஸ் சீலிங்கும் ஏசியும் போட்டு நிரந்தர ஓவியக் கூடமாகவே மாற்றிவிடலாம் என்கிறார் கமிட்டியில் ஒருவர், அப்புறம் கல்யாணத்துக்கும் கோயில் கொடை விழாவுக்கும் எங்கே போவது என்கிறார் இன்னொருவர், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஏசியைப் பற்றியது போலத் தெரிந்தாலும், ஒரே கட்டிடம் ஊர் மண்டபமாகவும் ஓவியக் கூடமாகவும் இருக்க முடியுமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி. முடியும். நம் மாவட்டத்தில் அப்படி இருந்தால்தான் இரண்டுமே பிழைக்கும் என்றுகூடச் சொல்வேன்.

நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன். ஊருக்குத் திரும்பி இருபது வருஷத்துக்கு மேலாகிறது, கண்காட்சிகளுக்குப் படம் மாட்டுவதும் பழைய சுண்ணாம்புக் கட்டிடங்களில் கொத்தனார்களோடு நின்று வேலை பார்ப்பதும்தான் பிழைப்பு. அதனால் சுவர், ஈரம், வெளிச்சம், படம் மாட்டும் விதம் இவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். ஆள் வருமா, படம் விற்குமா என்பதில் நான் கண்டதைச் சொல்லலாமே தவிர, உங்கள் ஊரிலும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. கூரை மரங்களின் பலமும் மின் இணைப்பும் நேரில் பார்க்க வேண்டியவை, அதைப் பற்றி இங்கே உட்கார்ந்து எதுவும் சொல்லப் போவதில்லை. மரத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த ஆசாரி ஒருவரையும் ஒரு பொறியாளரையும் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னைக் கலங்க வைத்தது, உள்சுவர் முழுக்க சிமென்ட் பூசி, புட்டி போட்டு, பெயின்ட் அடித்தாயிற்று என்ற வரி. வெட்டுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்க ஒன்றும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுவிடும், சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி கொடுக்கும். சிமென்ட்டும் அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. அடைத்ததால் ஈரம் போய்விடாது, சுவரில் இன்னும் உயரமாக ஏறும், இல்லாவிட்டால் சுவரிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து பூச்சுக்குப் பின்னால் நிற்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் பெயின்ட் எங்காவது கொப்புளம் போல எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். பப்படம் உடைவது போல நொறுங்கி, உள்ளிருந்து வெள்ளைப் பொடி கொட்டினால் அது உப்பு, வேறு சோதனையே வேண்டாம். கொப்புளம் இல்லாவிட்டாலும் ஒரு காரியம் செய்யலாம். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சுவரிலிருந்து வருகிறது என்றால் பூச்சைப் பார்ப்பதற்கு முன்னால் வெளியே வந்து தரையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய கட்டிடங்களில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்: ரோடு போடும்போதெல்லாம் பழையதன் மேலேயே புதியதைப் போட்டுப் போட்டு, ரோடும் முற்றமும் மண்டபத்தின் உள்தரையைவிட உயர்ந்துவிடும், மழைத் தண்ணீர் சுவரின் அடியில் வந்து தேங்கும். சுவரைச் சுற்றி மண்ணை வெட்டி எடுத்து, உள்தரையைவிட அரை அடியாவது தாழ்த்தி, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுத்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும், செலவும் சில நாள் கூலிதான். அப்புறம் உள்ளே சுவரின் அடிப்பகுதியில் மட்டும் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். முழுச் சுவரையும் உடைக்கச் சொல்லவில்லை, ஊரார் பணம் போட்டுச் செய்த வேலையை அப்படி வீணடிக்கவும் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும், காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு கல்லாக மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அதன் மேல் படம் மாட்டக் கூடாது.

கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலை தொடங்கிய காலத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கண்காட்சிக்குப் படம் மாட்டினேன். பூச்சு புதிது, கையை வைத்தால் குளிர்ந்து இருந்தது, திறப்பு விழா தேதி நெருங்கிவிட்டதென்று நானும் சரி என்றுவிட்டேன். ஆனி மாதம், வெளியே விடாத மழை. இருபதாம் நாள் படங்களைக் கழற்றியபோது, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் வரைந்த நீர்வண்ணப் படத்தில் வானம் முழுக்கப் பழுப்புப் புள்ளி, ஒரு மூலையில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது, பிரித்தபோது வண்ணம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. படத்தைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு சுவரைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஆணி எடுப்பதில்லை.

ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். ஓட்டுக் கூரையின் முகப்பில் மரச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்களே, அது அழகுக்கு வைத்ததல்ல, சூடான காற்று மேலேறி வெளியே போகும் வாசல். ஃபால்ஸ் சீலிங் அந்த வாசலை மூடிவிடும். அதோடு ஓடு உடைந்து ஒழுகினாலும், ஓட்டைத் தாங்கும் கழுக்கோலில் கரையான் ஏறினாலும் உங்களுக்குத் தெரியாமல் மறைத்துவிடும், எலிக்கும் வௌவாலுக்கும் நல்ல வீடாகிவிடும். இதில் நாம் பாடம் படிக்கத் தூரமெல்லாம் போக வேண்டியதில்லை, பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 1601இல் தொடங்கி 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக்கிய கட்டிடம், இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அங்கே அரசரின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலைக்குள் நண்பகலில் போய் நின்று பாருங்கள். சரிந்த கூரை, மர அழி, வண்ண மைக்கா பதித்த ஜன்னல், இவ்வளவுதான் ஏற்பாடு, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சியும் கண்ணை உறுத்தாத வெளிச்சமும் இருக்கும். சுவரோவியங்கள் இருப்பது உப்பிரிகை மாளிகையின் மேல்தளத்தில், அங்கே பார்வையாளர்களைப் பொதுவாக விடுவதில்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் மூச்சுக்காற்றின் ஈரமும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பழைய வண்ணத்துக்கு ஆயுள்.

ஏசி விஷயத்தில் கமிட்டிக்காரர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்களில் காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைக்கப் பார்ப்பார்கள், அதற்கு இயந்திரம் தேவைதான், ஆனால் அது இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். ஊர் மண்டபத்தில் காலையில் போட்டு மாலையில் அணைப்பீர்கள், மின்கட்டணத்தைப் பார்த்தால் அப்படித்தான் முடியும். அணைத்த பிறகு வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த கண்ணாடியிலும் சுவரிலும் பனிக்கும், தாளும் துணியும் மரச்சட்டமும் தினமும் சுருங்கி விரியும். அப்படி ஏறி இறங்குவது, ஒரே சீராகச் சற்று ஈரமாக இருப்பதைவிடக் கெடுதல். ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், நமக்கோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. எனவே இயந்திரத்துக்குப் பதிலாகக் காலண்டரை நம்புங்கள். தை முதல் பங்குனி வரை உங்கள் கண்காட்சிக் காலம். நீர்வண்ணம், பென்சில், அச்சுப்படம், புகைப்படம், எம்பிராய்டரி போன்ற தாளும் துணியும் அந்த மூன்று மாதத்தில்தான். மழை மாதங்களில் நடத்தியே ஆக வேண்டுமென்றால் கற்சிற்பம், மண்பாண்டம், மரவேலை என்று ஈரத்தைத் தாங்குபவற்றை வையுங்கள், மரம் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈரப்பதமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வாங்கி மாட்டி, காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு வருஷத்து நோட்டு கையில் இருந்தால் கமிட்டியில் சண்டையே வராது.

வெளிச்சத்தில் பலரும் தவறுவது கண்ணாடி ஓட்டில். மேலிருந்து விழும் வெயில் துண்டு காலையில் மேற்குச் சுவரிலும் மாலையில் கிழக்குச் சுவரிலும் ஊர்ந்து போகும், எந்தப் படத்தின் மேல் அரைமணி நேரம் நிற்கிறதோ அது தினமும் கொஞ்சம் வெளுக்கும். கண்ணாடி ஓட்டை எடுக்க வேண்டியதில்லை, அதற்குக் கீழே பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து இழுத்துக் கட்டினால் போதும், வெயில் பரவி மென்மையாகிவிடும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நீர்வண்ணத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 200 லக்ஸ் வரை என்பது உலகமெங்கும் அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் அளவு. போனில் இருக்கும் லக்ஸ் செயலி துல்லியமாகக் காட்டாது, ஆனால் 50க்கும் 500க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும், உங்களுக்கு அது போதும். பழைய டியூப்லைட்டை எடுத்துவிட்டு நிறத்தைச் சரியாகக் காட்டும், சிஆர்ஐ 90க்கு மேலுள்ள எல்இடி போடுங்கள். டியூப்லைட்டில் புற ஊதாக் கதிர் கொஞ்சம் வரும், எல்இடியில் அது அநேகமாக இல்லை.

சுவரில் ஆணி அடிக்காதீர்கள். எட்டடி உயரத்தில் சுவரைச் சுற்றி அயினி மரத்தில் ஒரு சட்டம் ஓடவிட்டு, அதிலிருந்து கம்பியில் படத்தைத் தொங்கவிடலாம். என்னைக் கேட்டால் உங்கள் மண்டபத்துக்கு வேண்டிய ஒரே நிரந்தர மாற்றம் இதுதான். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டரில் வரட்டும், பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் ஒரு சாண் இறக்குங்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி கிடைக்கும், காற்று போய்வரும். தாள் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் அட்டை கட்டாயம். மயிலாடி ஊர்க் கற்சிற்பிகளை அழைப்பதாக இருந்தால் மேடைப் பலகையின் மேல் சிலையை ஏற்றாதீர்கள், ஒரு கன அடி கருங்கல் 75 கிலோ இருக்கும்.

உள்ளூர்க் கலை என்றதும் சட்டம் போட்ட படம் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நம் மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து நடத்தும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஒருமுறை கண்காட்சிக்கு வந்த பழைய பாவைகளை வெள்ளைச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சீதையும் ராவணனும் அழுக்குப் பழுப்பில் காய்ந்த தோலாகத் தெரிந்தார்கள், பிள்ளைகள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். மதியம் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் சூடில்லாத எல்இடி விளக்கு வைத்து, பாவைகளை அதன் மேல் சாய்த்தோம். அவ்வளவுதான், தோல் ஒளியைக் குடித்துக்கொண்டு சிவப்பும் பச்சையும் எரிந்தன, ராவணனின் கிரீடத்தில் உளியால் குத்திய ஒவ்வொரு துளையும் நட்சத்திரம் போல மின்னியது. அந்த மூலையை விட்டுப் பிள்ளைகளை நகர்த்த முடியவில்லை. முளகுமூட்டு லேஸ், தோவாளையில் பூக்கட்டுபவர்களின் கைவேலை, பழைய நாடகத் திரைச்சீலை எழுதியவர்கள், கடைப் போர்டு எழுதியவர்கள், கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் தட்டி வரைந்தவர்கள் என்று உங்கள் சுற்றுவட்டாரத்தில் தேடினால் ஆள் கிடைப்பார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்ட போர்டு ஆர்டிஸ்ட் ஒருவரையாவது கூப்பிட்டு, மண்டபத்தின் பெயர்ப்பலகையை எழுதச் சொல்லுங்கள். அவர் கூலியை அவரே சொல்லட்டும், பேரம் பேசாதீர்கள்.

நிரந்தரக் கூடமாக மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், மண்டபம் ஊருக்கு வேண்டும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்ததும், மரமும் மின்கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. கூரை போன வீட்டுக்காரர்கள் ஒதுங்குவதற்கு அன்றைக்கு இப்படிப்பட்ட பொதுக் கட்டிடங்கள்தானே இருந்தன? நடுவில் தடுப்புச் சுவர் எழுப்பி ஏசி அறையாக்கிவிட்டால் அப்படி ஒரு ராத்திரியில் திறந்துவிட உங்களிடம் என்ன இருக்கும்? மற்ற ஊர்களிலும் பழைய கட்டிடத்தில் படம் வைக்கத்தான் செய்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் 1935 முதல் இருக்கிறது, எர்ணாகுளத்தில் கொச்சி மன்னர்களின் தர்பார் ஹால் இப்போது லலிதகலா அகாதெமியின் கலைக்கூடம், கொச்சி பியன்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி 2012இல் தொடங்கியது முதல் ஃபோர்ட் கொச்சியின் பழைய வணிகக் கட்டிடங்களில் நடக்கிறது. போய்ப் பாருங்கள், வெளிச்சம் அமைத்திருப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நகல் எடுக்காதீர்கள். அவை அரசர்களும் வியாபாரிகளும் விட்டுப்போன கட்டிடங்கள். உங்கள் மண்டபத்தை யாரும் விட்டுப்போகவில்லை. மாட்டும் சட்டம் நிரந்தரம், படங்கள் வந்து போகிறவை என்று வைத்துக்கொண்டால் கல்யாண முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் இறக்கிப் பெட்டியில் வைத்துவிடலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: படங்கள் தொங்கும் நாளில் சமையல்புரையில் அடுப்பு எரியக் கூடாது. தாளிக்கிற எண்ணெய்ப் புகை வண்ணத்தின் மேல் படிந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு துடைத்து எடுக்க முடியாது.

ஆள் வருமா என்பதற்கு வருகிறேன். கண்காட்சி என்று நோட்டீஸ் அடித்துவிட்டுக் காத்திருந்தால் வர மாட்டார்கள், இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஊர் ஏற்கெனவே கூடுகிற நாளோடு சேர்த்துவிட்டால் வருவார்கள். கொடைக்கு வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கும் வாரம், திருவிழா வாரம், பொங்கல் விளையாட்டுப் போட்டி. சேலைக் கடைக்குப் போவது போலப் பேசிக்கொண்டே உள்ளே வருவார்கள், வரட்டும், சத்தம் போடாதே என்று போர்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரைந்தவர் பெயர், ஊர், எதில் வரைந்தது, விலை என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். விலை எழுதக் கூச்சப்படுவார்கள், எழுத வையுங்கள். நான் மாட்டிய ஊர்க் கண்காட்சிகளில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ படம்தான் விற்றிருக்கிறது, சிலவற்றில் ஒன்றுகூட இல்லை, விற்பனையை நம்பி மண்டபத்தின் கணக்கை எழுத முடியாது. மண்டபத்தை நடத்தும் வருமானம் கல்யாண வாடகையிலிருந்தே வரட்டும், ஓவியர்களிடம் முதல் சில வருஷம் வாடகையும் வேண்டாம், கமிஷனும் வேண்டாம். கண்காட்சிக்கு ஓவியரிடமிருந்து படத்தைப் பெறும்போது போனில் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, கீறல் கிழிசல் இருந்தால் நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போதும் அதே போல. சொந்தக்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குள் மனக்கசப்பு வந்தால்தான் தீராமல் போகும்.

இந்த வருஷம் ஒன்றும் திறக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை, கேட்கக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஒரு ஆனி ஆடியும் ஒரு ஐப்பசி கார்த்திகையும் சுவர் எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு, வருகிற தையில் பத்தே படங்களோடு தொடங்குங்கள். அதற்கு முன்னால் சமையல்புரையை ஒட்டிய சுவரின் அடிப்பகுதியை முதலில் பாருங்கள், பாத்திரம் கழுவிய தண்ணீர் பல வருஷம் விழுந்த இடம் அதுவாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் தாளை அங்கேயே ஒட்டி, இரண்டு நாள் கழித்து உரிக்கும்போது எந்தப் பக்கம் நனைந்திருந்தது என்று போட்டோவோடு எழுதுங்கள், கொத்த வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.